கடிபடாத ஒரு கொய்யா

இளஞ்செழியன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். டம்ளரோடு தோட்டத்துக்குப் போய், கொய்யா மரத்தடியில் கிடந்த பழங்களைப் பொறுக்கினான். ஒன்பது. ஒன்பதும் கிளி கடித்தவை.

வேலிக்கு அந்தப் பக்கம் செலினாக்கா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, இன்னிக்குமா?"

"ஒம்போதுக்கா."

"திருட்டுக் கிளிங்க" என்றாள், தலை நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமையோடு மனைவி தங்கமணி இறந்து ஒரு வருஷம். படையலில் அவள் நட்ட மரத்தின் பழம் ஒன்று இருக்க வேண்டும். கடிபடாத ஒன்று. அவள் பழுத்த பழம் தின்று அவன் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து ஆலையிலிருந்து வந்ததும் "பழம் எங்க?" என்பான். "கிளி திருடித் தின்னுடுச்சுங்க" என்பாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

போன வருஷம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம். பஸ் இல்லை. அவன் ஆலை இருக்கும் மூங்கில்துறைப்பட்டில் மாட்டிக்கொண்டான். காய்ச்சலில் கிடந்தவளைச் செலினாக்காதான் மாட்டுவண்டியில் ஏற்றித் திருக்கோவிலூருக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் முடிந்துவிட்டது. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவன் கேட்டபோது, "ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

ஆலைக் காவலாளி முனியன், கரியாலூர்க்காரர், கிளி விரட்ட வழி சொன்னார்.

"கேசட்டு டேப்ப உருவிக் கட்டு சார். காத்துல உய்யினு கத்தும். எங்க மலையில அதான் கட்றோம்."

கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டுக் கேசட்டை உருவிக் கட்டினான். உய் என்று கத்தியது. வியாழக்கிழமை ஒரு மைனா அதில் பாதியை இழுத்துப்போய்ச் செலினாக்காவின் கூரையில் கூடு கட்டியது.

"பாட்டு கேட்டுக்கினே முட்ட வைக்கும் போலக்குது" என்றாள் அவள். மடியில் வேர்க்கடலை.

வெள்ளிக்கிழமை சவரக் கண்ணாடியைத் தொங்கவிட்டான். ஒரு கிளி வந்தது. முகம் பார்த்தது. போய் உறவுக்காரர்களை அழைத்து வந்தது.

சனிக்கிழமை வைக்கோல் பொம்மை செய்தான். கல்லூரியில் அவன் போட்ட நீலக் கட்ட முழுக்கைச் சட்டை பெட்டியில் இருந்தது. வெயிலுக்குத் தங்கமணி அதைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு களையெடுப்பாள். ஒரு பொத்தானை மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். அந்தச் சட்டையைப் பொம்மைக்குப் போட்டான். அந்தப் பொத்தானையும் போட்டுவிட்டான்.

ஞாயிறு காலை பார்த்தால், பொம்மையின் தலையில் ஒரு கிளி. தோளில் இரண்டு. கையில் வரிசையாக நான்கு. ஒன்று சட்டைப்பைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தது.

"ஏய்!" என்று கத்தினான்.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன.

கிட்டே போய்ப் பைக்குள் கையை விட்டான். மூலையில் வேர்க்கடலைத் தோல், மக்கிப்போன தூளாக.

"அக்கா, இது இன்னாக்கா?"

செலினாக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு மேல மறைச்சா நல்லாருக்காது தம்பி. நீ பஸ் ஏறினதும் தங்கமணி இந்தச் சட்டைய மாட்டிக்கினு வந்துடும். பை நெறைய உரிச்ச மல்லாட்ட. பழத்தப் பறிச்சிக் கையில வச்சிக்கினு ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்புடும். இதுங்களும் வந்து தோள்ல குந்திக்கும்."

"அவ தின்னலியா?"

"அதுக்குக் கொய்யாவே புடிக்காதே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"நீ அந்தப் பழத்துக்கோசரம் வாளி வாளியா தண்ணி ஊத்துன ஆளு. எப்பிடிச் சொல்லும்?"

அவன் பொம்மையைப் பார்த்தான். அதன் கையிலிருந்த கிளி செலினாக்காவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டியில கடைசியா இன்னாக்கா சொன்னா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"'அக்கா, கிளிங்களுக்கு வேள தவறாம வச்சிடுங்க. அவரு கேட்டா மட்டும், திருடித் தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க.'"