முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்

முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. அடையாளம் சுலபம். உங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிட அதிகமாகக் கவலைப்படுவார்கள். தங்களுக்கும் ஓர் உடம்பு இருப்பது மட்டும் நினைவிருக்காது.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சியாளர் ஒருவர். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் ஒளிரும் துகள்களைச் செய்து, அவை புற்றுநோய்ச் செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்படி பழக்கி, விளக்கடியில் பச்சையாக மின்னவைத்து, கட்டி கடுகளவு ஆவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று பதினோரு வருடமாகக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவர். லிஃப்டில் யாராவது இருமினால், "எத்தனை நாளா இருக்கு?" என்பார். முடிவெட்டுகிறவரின் கழுத்து மச்சத்தைப் பார்த்துக் கலவரப்பட்டு, அவரை அப்போதே டாக்டரிடம் துரத்தினார். வெட்டியிருந்தது பாதித் தலைதான்.

இவருடைய நாக்கின் ஓரத்தில் ஏழு வாரமாக ஒரு புண்.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்," என்றார் மனைவி. கணக்கு டீச்சர்; வாரங்களை எண்ணிக்கொண்டே வந்தவர்.

"பல்லு குத்தியிருக்கும். கருத்தரங்கு முடியட்டும்."

கருத்தரங்கு வந்தது. மின்னும் செல்களைத் திரையில் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் இருட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மூணு வாரத்துல ஆறாத வாய்ப்புண்ணுக்கு என்ன செய்யணும்?"

"உடனே டாக்டர்கிட்ட காட்டணும்மா. தள்ளிப்போடறதுதான் பெரிய ஆபத்து."

"ஏழு வாரம் ஆச்சே?"

குரல் கேட்ட குரலாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் நிற்பவருக்கு எல்லாக் குரலும் ரசிகர் குரல்.

"ஏழு வாரமா? யாரும்மா அந்த முட்டாள்?"

"நீங்கதாங்க."

விளக்கைப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுநாள் மருத்துவமனை. டாக்டர் சாதாரண டார்ச்சை அடித்துப் பார்த்து, விரலால் தடவி, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர் யாருடைய இருமலையும் விசாரிக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு."

"எனக்கு ஏழு வாரமா இருக்கு," என்றார் மனைவி.

புற்றுதான். ஆனால் ஆரம்பநிலை. நாக்கின் ஓரத்தில் சிறு துண்டை வெட்டியெடுத்ததோடு போயிற்று. இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் பாதி நாக்கு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது அவருக்கு 'ழ' சரியாக வருவதில்லை. நம்மில் பலருக்கும் வருவதில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த பரிசோதனைச் சீட்டு, நாலாக மடிந்து எத்தனை மாதமாக உங்கள் பையில் தூங்குகிறது?