புகைக் கொட்டகையில் வியாழக்கிழமை

பூண்டி மேல்காடு,
சனிக்கிழமை, மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

அன்புள்ள பேத்தி அனிட்டாவுக்கு, உன் அப்பத்தா அருள்மேரி இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும், ஆடு இரண்டும், என் முட்டிவலியும் சௌக்கியம். அங்கு நீயும் உன் இருமலும் எப்படி என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதுதானே என்று பிழை பார்க்காதே. பிழை இருந்தால் அது களைப்பில் வந்தது, படிப்பில் வந்ததல்ல.

நீ சென்னையில் அதிகாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மலைக்கிராமத்தில் மனசு ஒடிந்தவர்களுக்குப் பேச ஆளில்லை, கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது என்று பேசியதை, பெருமாள்மலை மளிகைக்கடை அப்பாஸ் அவர் போனில் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடையில் நின்ற எல்லோரிடமும் "இது எம் பேத்திங்க" என்று சொன்னேன். சொல்லி வாய் மூடுமுன் நீ என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். உன் தாத்தா செபாஸ்டின் போய் இரண்டு வருஷமாகியும் நான் காலையில் இரண்டு டம்ளர் காப்பி போடுகிறேன் என்று கவர்மெண்டிடமா சொல்வாய்? அப்பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீனியை எடை போட்டார். ஒன்று தெரிந்துகொள், ரெண்டாவது டம்ளரையும் நான்தான் குடிக்கிறேன், ஒரு சொட்டு வீணாக்கவில்லை. இதில் மனசு எங்கே வந்தது?

சரி, நீ பேசினாய், மூன்று மாசத்தில் ஆர்டர் வந்துவிட்டது, வாரா வாரம் வியாழக்கிழமை நம் ஊர் நர்ஸம்மா ரூமுக்கு ஒரு கவுன்சிலிங் பிள்ளை வரும் என்று. பெயர் ரம்யா, நல்ல பிள்ளை, குளிருக்குத்தான் ஆகாது. ஆர்டரோடு ஒரு போர்டும் வந்தது பாரு, அதுதான் வினை. பஸ் நிற்கிற இடத்திலேயே, ஆள் உயரத்துக்கு, ஒரு தலையை வரைந்து உள்ளே ஏழு கலர் பூசி, மனநல ஆலோசனை மையம்னு எழுதி அம்பு வேற போட்டுட்டாக. கூக்கால் ஊருக்குப் பஸ்ஸில் போறவுக எல்லாம் ஜன்னல் வழியா எட்டி, யாரு உள்ளே போறாகன்னு பார்க்குறாக. முதல் வியாழக்கிழமை உள்ளே போனது ஒரு டூரிஸ்ட் குடும்பம் மட்டும்தான். ஏதோ வியூபாயிண்டுன்னு நினைச்சு வந்து, டிக்கெட் எங்கேன்னு கேட்டு, போர்டு முன்னாடி போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாக.

அடுத்த வாரம் பஞ்சாயத்தில் சும்மா இருந்திருக்கலாம். கோயில் மைக்செட்டைக் கட்டி பஞ்சாயத்து ஆளு ஞானவேல் வெள்ளனே ஆறு மணிக்கே, "மனசு சரியில்லாதவங்க அத்தனை பேரும் பத்து மணிக்குள்ள வந்து சேரணும்"னு ரேசன் மண்ணெண்ணெய்க்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டான். ஊரே கதவைப் பூட்டிட்டுக் காட்டுக்குப் போயிருச்சு. அன்னைக்குக் கேரட் காட்டில் களை எடுத்த மாதிரி எந்த வருஷமும் எடுத்ததில்லை.

மூணாவது வாரம் சாரல். அந்தப் பிள்ளை தனியா உட்கார்ந்து பல்லு கிடுகிடுங்கக் கெடக்கு. எனக்கு மனசு கேட்கலை, நம்ம கொட்டகைக்கு வா, பூண்டு கெடாம இருக்கப் புகை போட்டிருக்கு, சூடா இருக்கும்னு கூட்டிட்டு வந்தேன். நம்ம புகைதான் உனக்குத் தெரியுமே, பழகாத கண்ணு தாங்குமா, உட்கார்ந்த அஞ்சாம் நிமிசம் தாரை தாரையா ஊத்துது. அந்நேரம் பார்த்து மேலவீட்டு ராஜகுமாரி பூண்டுக்கட்டோட வந்தா. "ஏத்தா, யாரு உன்னை என்ன சொன்னா, மாமியா கொடுமையா?"ன்னு பக்கத்தில் உட்கார்ந்தா. "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா"ங்குது அது. "அப்ப அதுதான் அழுகையா, ஆனா மட்டும் என்ன வாழுது, எங்கதையைக் கேளு"ன்னு ஆரம்பிச்சவ, பதினெட்டு வருசத்தை ஒரே மூச்சில் கொட்டிட்டுத்தான் எந்திரிச்சா. போகும்போது ரம்யாவுக்கு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனா.

அதிலிருந்து பிடிச்சது சனி. புகைக்குள்ளே யாரு அழுதாலும் ஏன்னு கேட்க மாட்டாக பாரு, வியாழக்கிழமையானா ஊரே பூண்டுக்கட்டோட என் வாசல்ல நிக்குது. பூண்டு வித்து முடிச்சவுகளும் வாராக, பக்கத்து வீட்டில் ஒரு கட்டை இரவல் வாங்கிக்கிட்டு. ஒரே கட்டு பதினோரு கை மாறி, பதினோரு தடவை புகை வாங்கி, கரிக்கட்டை மாதிரி ஆயிருச்சு, இனி அதைக் குழம்பில் போட முடியாது. என் விறகு போச்சு, என் ஆட்டுக்கு இருமல் வந்துருச்சு, என் உட்காருற பலகை போச்சு. நான் புகை போடுறவ, அவ்வளவுதான். எனக்கு வேற சோலி இல்லையா?

போன வாரம் சுப்புராஜும் வந்தான். அவன் மகன் ஸ்டீவன் மலை ரோட்டில் பைக்கோட பள்ளத்தில் விழுந்து போனதிலிருந்து எட்டு மாசமா "ம்"முக்கு மேல அவன் பேசினதில்லை, உனக்கே தெரியும். வந்து ஒரு மணி நேரம் நெருப்பையே பார்த்துட்டு இருந்தான். எந்திரிக்கும்போது, "ஸ்டீவனுக்கு இந்தப் புகை ஆகாது பெரியம்மா"ன்னான். அவ்வளவுதான். நான் விறகைத் தள்ளிவிட்டேன்.

இப்ப வந்திருக்கிற கூத்தைக் கேளு. நேத்து ஒரு ஆபீசர் வந்து நர்ஸம்மா ரூம்ல ரிஜிஸ்டரைப் பார்த்தாரு. ஒரு பேரு இல்லை. "இந்த ஊர்ல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க போல"ன்னு எழுதிக்கிட்டாரு. இந்த மாசக் கடைசிக்குள்ளே பத்துக் கையெழுத்து விழலைன்னா ரம்யாவைப் பெருமாள்மலைக்கு மாத்திருவாகளாம். அங்கே சுப்புராஜ் பஸ் ஏறிப் போவானா? அவன் வீட்டு வாசல் தாண்டுறதே என் கொட்டகைக்குத்தான். ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டேங்குறாக. "பேரு ரிஜிஸ்டர்ல ஏறிட்டா என் மகளை எவன் கட்டுவான்?"னு ராஜகுமாரி கேட்குறா. "நீங்க போடுங்களேன், நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக"ங்குறா. எனக்கு என்ன கேடு, நான் எதுக்குப் போடணும்?

அதனால், ஆர்டர் போட வைத்த நீயே அதைச் சரி செய்யவும். ஒன்று, அந்த போர்டை எடுக்கச் சொல். இரண்டு, ரிஜிஸ்டரில் பெயர் கேட்கக் கூடாது, பூண்டுக்கட்டை எண்ணிக்கொள்ளச் சொல். மூன்று, இனி எந்த மைக்கிலும் என் காப்பிப் பேச்சை எடுக்காதே. முடியாது என்றால் திட்டத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோகச் சொல், எனக்கு உடம்பில் தெம்பில்லை.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உனக்குத் தலைவலி இல்லாத வேலையும், நேரத்துக்குச் சோறும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா,
செ. அருள்மேரி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. கடிதத்தை மடித்துப் பஸ் டிரைவரிடம் கொடுக்கக் கிளம்பும்போது வாசலில் சுப்புராஜ் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான், நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். நீட்டினான். "ஏலே, நான் போட்டா நீ போடுவியா?"ன்னேன். "ம்"ன்னான். முதல் வரியில் முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வந்த காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதில் ரெண்டு டம்ளர்னு எழுதினேன். அவன் மகன் பேரை எழுதினான். மத்தியானத்துக்குள்ளே ராஜகுமாரியோட சேர்த்துப் பன்னெண்டு ஆயிருச்சு. போர்டு கெடக்கட்டும், எதையும் மாத்தச் சொல்லாதே. எல்லாரும் சந்தோசம்னு நேத்து ஆபீசர் எழுதினதை மட்டும் அடிச்சுவிடச் சொல்லு. இன்னைக்கும் ரெண்டு டம்ளர் காப்பிதான் போட்டேன். ரெண்டாவதைச் சுப்புராஜ் குடிச்சான். சீனி பத்தலையாம்.