பொண்ணு திரும்பி வருமா?

"அந்தப் புள்ள எதுக்குங்க திரும்பி வருது, அங்கிட்டே செட்டிலாயிரும்னு சொல்லிட்டேன்ண்ணே," என்றார் மளிகைக்கடை அய்யாக்கண்ணு, பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு.

அருள்தாஸ் கையிலிருந்த சில்லறையைக் கல்லாமேல் போட்டார். "யாருய்யா கேட்டது?"

"யாரோ வெளியூர்க்காரரு, தோல் பை வச்சிருந்தாரு. ஷர்லியப் பத்தி துருவித் துருவி வெசாரிச்சாரு. ஒங்க வீட்டக்கூட போட்டோ எடுத்தாரு."

அருள்தாஸ் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. மீட்டர் பார்க்க வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பார். காட்டினால், போட்டோவில் மீசை இல்லையே என்பார். மகள் ஷர்லியை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. அதனால்தான் போன தடவை அயர்லாந்து விசாவை மறுத்து வந்த கடிதம் அவரை அப்படிச் சுட்டது. படிப்பு முடிந்ததும் இவர் ஊர் திரும்புவார் என்று நம்ப முடியவில்லை என எழுதியிருந்தார்கள். "எம்மகளச் சந்தேகப்பட அவன் யாரு?" என்று ஆலங்குடி முழுக்கக் கேட்டுத் தீர்த்தார்.

இது இரண்டாவது விண்ணப்பம். புதுக்கோட்டை கன்சல்டன்சியில் பிரகதீஸ்வரி மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "மார்க் ஷீட்டெல்லாம் பக்கா சார். படிச்சிட்டு ஏன் ஊருக்கு வருவேன்னு லெட்டர்ல தெளிவா எழுதணும். சந்தேகம் வந்தா போன்லயும் கேப்பாங்க."

போனில் கேட்கிறவன் நேரில் ஆள் அனுப்ப மாட்டானா என்ன?

"ஒன் வாயால எம்மகளோட சீட்டே போயிரும்போல இருக்குய்யா," என்றார் அருள்தாஸ். "இனிமே யார் கேட்டாலும் கட்டாயம் திரும்பிரும்னு சொல்லு." அதோடு விடவில்லை. வீடு வீடாக ஏறி அதையே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தெரு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, கொஞ்சம் தாராளமாகவே. எதிர்வீட்டு அடைக்கலமேரி அந்தப் பைக்காரரை வலியக் கூப்பிட்டு, "திருச்சி ஹாஸ்டல்லயே அழுதழுது வெள்ளிக்கெழமையானா பஸ் ஏறிரும். அயர்லாந்தெல்லாம் ஆறு மாசம் தாங்காதுங்க," என்றாள். அய்யாக்கண்ணு தன் தப்பைத் திருத்தப் போய், "நான் காலையில சொன்னது வேற ஷர்லி," என்றார். அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு ஷர்லிதான்.

பைக்காரர் குழம்பிப்போய் நேரே அருள்தாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். "தோத்திரம்ங்க," என்று கும்பிட்டார்.

நம்ம வேதக்காரன் மாதிரி பேசி வாயைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அருள்தாஸ் உஷாரானார். நல்லவேளை, ஷர்லி புதுக்கோட்டைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் வெகுளித்தனமாக எதையாவது உளறியிருப்பாள்.

"ஒரே ஒரு விஷயந்தான்ங்க. பாப்பா படிச்சு முடிச்சிட்டு அங்கிட்டே இருந்துருமா, திரும்பிருமா?"

"கடைசிப் பரீட்சைக்கு மறுநாளே ப்ளைட்டுங்க."

"அங்கிட்டே நல்ல வேலை கெடச்சா?"

"வேணாம்னுரும்."

வந்தவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அங்கிட்டே ஒரு நல்ல எடம் அமைஞ்சா?"

எப்படிச் சுற்றி வளைக்கிறான் பார் என்று அருள்தாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அயர்லாந்து மாப்பிள்ளைன்னு எவன் வந்தாலும் வாசப்படி ஏற விட மாட்டேங்க. எம்மகளுக்குக் கல்யாணம் இந்த ஊரு கோயில்லதான், குடித்தனமும் இந்த ஊருலதான். வேணும்னா பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்." சொன்னதோடு நிற்காமல் கையும் வைத்துவிட்டார்.

வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, முகம் செத்துப்போய்க் கிளம்பினார். வாசலில் நின்ற, அதே தெருக்காரன் செம்மலின் ஆட்டோ அவரை ஏற்றிக்கொண்டு போனது.

குறை கண்டுபிடிக்க வழியில்லாமல் போனால் எந்த ஆபீசர் முகமும் அப்படித்தான் ஆகும் என்று அருள்தாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "விசா வந்துட்ட மாதிரிதான் தாயி," என்றார்.

கால் மணி நேரத்தில் செம்மல் ஆட்டோவோடு திரும்பி வந்தான்.

"அவரு நம்ம ஷர்லிகூடப் படிச்ச ஜெரால்டோட தாய்மாமனாம்ண்ணே. அவனுக்குப் பொண்ணு கேக்கத்தான் வந்தாராம். அயர்லாந்துல, அந்த டப்ளின்லயே பையன் வீடே புடிச்சிட்டானாம். 'இனிமே ஊருக்கே திரும்ப மாட்டேன்னு அந்தப் புள்ளயேதான எங்கிட்ட போன்ல சொல்லுச்சு'ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பொலம்பிக்கிட்டே வந்தாரு."