உட்கார்ந்தபடி நடந்தவர்

எடை பார்க்கும் மெஷின் மேல் டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சை விட்டுவிட்டும் நின்று பார்த்தார். ஒற்றைக் காலில்கூட நின்றாயிற்று. முள் ஏறினது ஏறினதுதான்.

"என்னங்க, இறங்கியிருக்கா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"நான் இறங்கிட்டேன். அது இறங்கல."

தலை நரைக்கிற வரைக்கும் பஸ் ஓட்டியே காலம் தள்ளியவர். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் உருப்படியாகப் பிடிக்கத் தெரியாதவர் என்பது மனைவியின் கட்சி. அவரைத்தான் டிப்போ டாக்டர் கூப்பிட்டு, "அடுத்த செக்கப்புக்குள்ள உடம்பு குறையலைன்னா வண்டியை விட்டு இறக்கிடுவேன். அப்புறம் கேட்ல உட்கார்ந்து, போற வர்ற பஸ் நம்பரை எழுதிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார். கையோடு மணிக்கட்டில் ஒரு பட்டையையும் கட்டிவிட்டார். நடக்கிற ஒவ்வோர் அடியையும் எண்ணி அது டாக்டரின் கம்ப்யூட்டருக்கும் மனைவியின் போனுக்கும் அனுப்பிவிடும்.

அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸுக்கு நம்பர் எழுதுவதை டிரைவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மனைவி போனைப் பார்த்தே சமைத்தாள். இன்றைக்கு இவ்வளவு கலோரி என்று அது சொல்லும். நடந்தால் அந்தக் கணக்கு ஏறும். கணக்கு ஏறினால் தட்டிலும் ஏறும்.

"இன்னிக்கு எக்கச்சக்கமா நடந்திருக்கீங்க. இதை எக்சர்சைஸ்னு சேர்த்தா, இன்னும் ரெண்டு ரொட்டி சாப்பிடலாமாம்."

"நான் எங்கம்மா நடந்தேன்? காலையிலேர்ந்து சீட்லயே கிடந்தேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

பசித்த மனுஷன் மெஷினோடு எவ்வளவு நேரம்தான் வாதாடுவான்? சாப்பிட்டுத் தொலைத்தார்.

குட்டை உடைத்தவன் கண்டக்டர்.

"அண்ணே, கியர் போடுற கையிலல்ல கட்டியிருக்கீங்க! ஒவ்வொரு கியருக்கும் ஒரு அடின்னு எண்ணிக்கிட்டிருக்கு."

டிரைவர் பட்டையைக் கணுக்காலுக்கு மாற்றினார். அன்றைக்கென்று ஊரிலுள்ள வண்டியெல்லாம் ஒரே சாலையில் வந்து நின்றது. கிளட்ச், பிரேக், கிளட்ச், பிரேக் என்று கால் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஐயோ, நேத்தைவிட ரெண்டு மடங்கு! கால் வலிக்குதாங்க? இன்னும் ரெண்டு முட்டை வேக வச்சிருக்கேன்."

பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கிப் பார்த்தார். வேலை என்ற இடத்தில், நாள் முழுதும் நடமாடுபவர் என்று இருந்தது.

"இது யாரைம்மா?"

"உங்களைத்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னு போட எனக்கு மனசு வரல" என்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அடிப்பாவி! அப்ப நாள் பூரா நடக்கிறவனுக்கு உண்டான சாப்பாட்டுக் கணக்கு அதுலயே சேர்ந்தாச்சு. அதுக்கு மேல தனியா வேற சேர்த்திருக்கே!"

நடக்கவே நடக்காத நடையை மனுஷன் இரண்டு தடவை சாப்பிட்டிருந்தார்.

மறுநாள் பட்டையைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஓட்டினார். சாயந்திரம் தட்டில் நாலு துண்டு வெள்ளரிக்காய் இருந்தது.

"ஒரு அடிகூட நடக்கலைன்னு காட்டுது. உங்களுக்கே வேலை மேல அக்கறை இல்லைன்னா நான் என்ன பண்றது?" என்று அவள் அழுதாள். டாக்டரும் போன் பண்ணித் திட்டினார்.

வெள்ளரிக்காய் எத்தனை நேரம் தாங்கும்? கடைசி ஸ்டாப் பேக்கரியில் யாருக்கும் தெரியாமல் மூன்று பன் தின்றார். அடுத்த நாள் நாலு. முள் இன்னும் ஏறியது. அன்று பயணிகள் எல்லாரும் இறங்கிப்போன பஸ்ஸில் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்க்கக் கண்டக்டருக்கே மனசு கேட்கவில்லை.

"என் கால்ல கட்டுங்கண்ணே. நாள் பூரா முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கிறவன் நான்தானே?"

"பித்தலாட்டம்டா அது."

"கியர் போட்டதை நடந்ததா காட்டினது மட்டும் என்னவாம்? இதுல நிஜமாவே ஒருத்தன் நடக்கிறான்."

டிரைவருக்கு அது நியாயமாகப் பட்டது. போதாத காலம் வந்தால் எல்லாமே நியாயமாகத்தான் படும்.

பட்டை கண்டக்டர் காலுக்குப் போயிற்று. டிரைவர் வீட்டுச் சாப்பாட்டு டப்பா பெரிதாயிற்று. இந்த முறை அவர் அதைத் தொடவில்லை. "நடந்தவனே தின்னு" என்று கண்டக்டரிடம் தள்ளிவிட்டு, அவனுடைய சின்ன டப்பாவைத் தான் சாப்பிட்டார். வேலை முடிந்ததும் டிப்போவிலிருந்து வீடுவரை நடந்தே போனார். கால் கொப்பளித்தது. அந்த நடையை எந்தப் பட்டையும் எண்ணவில்லை, எந்தப் போனும் மெச்சவில்லை. முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. கண்டக்டரின் சட்டைப் பொத்தான்தான் தெறித்துக்கொண்டிருந்தது.

செக்கப் அன்று டாக்டர் முள்ளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சபாஷ்! நான் இறக்கிடுவேன்னு சொன்னதுல ரொம்பப் பயந்துட்டியா?"

"தூக்கமே போச்சு சார். அந்த வண்டி இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல சார்" என்ற டிரைவருக்கு, இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"போ, போய் நிம்மதியா ஓட்டு" என்று டாக்டர் முதுகில் தட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்துவிட்டார்.

மூலையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார்.

"டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். காலையில வண்டி எடுத்ததுலேர்ந்து சாயந்திரம் கொண்டாந்து விடுற வரைக்கும் இவரு நடந்துக்கிட்டேதான் இருந்திருக்காரு... அப்ப பஸ்ஸை யாரு ஓட்டினது?"