சீட்டு ஒட்டிய துண்டு

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள், சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.

போன வாரம் உடல் பரிசோதனைக்குப் போனேன். இரண்டாம் கல்யாணம் ஆகி ஐந்து மாதம் என்றதும், நர்ஸ் சிறுநீரில் இன்னொரு சோதனையும் செய்யலாமா என்றார், சரி என்று தலையாட்டினேன், வந்தது கிளமீடியா. உடலுறவில் தொற்றும் கிருமியாம். எனக்கோ வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. முப்பது வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் நான், சத்தம் போடாத பழுதைச் சும்மா விடுவேனா? கிருமி வந்த வழி வேறெதுவும் இருக்குமோ என்று கழிப்பறை, டம்ளர், துண்டு எல்லாவற்றிலும் ‘சோதனையில் உள்ளது, பயன்படுத்தாதீர்’ என்ற பழைய ஆபீஸ் சீட்டை ஒட்டினேன். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த என் மனைவி, “துண்டு என்னங்க தப்பு பண்ணுச்சு?” என்றாள். பராமரிப்பு வேலை என்று மழுப்பினேன்.

மறுநாள் அந்தத் துண்டைப் பையில் போட்டு நர்ஸிடம் கொண்டுபோனேன். “ஐயா, துண்டுல, டம்ளர்லல்லாம் இது ஒட்டாது. எப்ப வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, மாசக்கணக்குல தெரியாமலே இருக்கும். யாரு குடுத்தாங்கன்னு சண்டை போடாதீங்க” என்றார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஏழு நாள் மாத்திரையில் குணமாகுமாம், ஆணுறை போட்டால் பெரும்பாலும் தடுக்கலாமாம், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டுமாம். “வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடணும், அது முடியற வரைக்கும் விலகி இருக்கணும். இல்லன்னா மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். கவனிக்காம விட்டா அவங்களுக்கு உள்ளுக்குள்ள கெடுதல்.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன் அத்தான். பன்னிரண்டு மாடிக்காரரிடம் ‘உங்கள் லிஃப்ட் ஓடக் கூடாது’ என்று முகத்துக்கு நேரே சொன்னவனுக்கு இவளிடம் வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது. இந்த வயதில் கிடைத்த துணை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால்? முதுகுவலி என்று பொய் சொல்லிக் கூடத்தில் படுக்கிறேன், குளியலறையில் ஒளிந்து மாத்திரை விழுங்குகிறேன். நீங்கள்தான் நேரில் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: அண்ணா, வணக்கம். தபாலில் போடச் சொல்லி இவர் கவரை ஒட்டாமலே என்னிடம் கொடுத்துவிட்டார், படித்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். போன மாதம் வேறொரு கிளினிக்கில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். சொன்னால் இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து, நான் மட்டும் ஏழு நாள் ஒளித்து ஒளித்து விழுங்கி முடித்தேன். அத்தனையும் வீண். நாளைக் காலை இவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறேன், இரண்டு பேரும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.