எங்கள் வீட்டுச் சுகநிதி

சென்ற வருடம் தை மாதம் நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். இனி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நோய் வரக்கூடாது.

காரணம் இருக்கிறது. அரசாங்கம் தருவதுபோக மிஞ்சும் மருத்துவச் செலவைக் கொடுக்கும் காப்புறுதியை இங்கே பிரெஞ்சில் மியூச்சுவெல் என்பார்கள். ஆறு வருடமாக மாதம் தவறாமல் கட்டினேன். ஆறு வருடமும் எல்லோரும் கல்லுப்போல இருந்தோம். ரூ லூயி-பிளாங்க் தெருவில் என் தொலைபேசிக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் தவரத்தினம் அண்ணைதான் என் கண்ணைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரியிலை படுத்தால் மட்டும் காசு தாற மலிவுத் திட்டத்துக்கு மாறும், யோன். மிச்சத்தை ஒரு கணக்கிலை போடும். வருத்தம் வந்தால் அதிலை எடும். வராட்டில் உம்மடை காசு."

வராட்டில்! அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு கதிரை தெரிந்தது. சாய்ந்து படுக்கலாம். பொத்தானை அமத்தினால் முதுகைப் பிடித்துவிடும். ஒரு வருடம் எவரும் இருமாமல் இருந்தால் போதும்.

கதிரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனைவி ஷிரோமியிடம் சொன்னேன்.

"நல்ல யோசினை அப்பா" என்றாள் உடனே. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் குடும்பத்தின் காவல்காரன். மகள் ஆரெலி தும்மினால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு ஓடினேன். "பப்பா, அது மிளகு!" என்று அவள் கத்தினாலும் விடவில்லை.

ஷிரோமியின் நிலைமை இன்னும் மோசம்.

"நாலாம் மாடி ஏறேக்கை முழங்கால் ஒரு மாதிரிக் கிடக்கப்பா."

முழங்கால் என்றால் எக்ஸ்ரே படம் பிடிக்க வேண்டும். "பையை இஞ்சை தாரும்."

"கோப்பை கழுவிக் கழுவிக் கை வெடிக்குது."

"தள்ளும். நான் கழுவுறன்."

"வெங்காயம் உரிச்சால் கண் மங்குது."

கண்ணென்றால் கண்ணாடி. கண்ணாடி என்றால் கதிரையின் ஒரு கை போச்சு. "வெங்காயத்தைத் தாரும்!"

அவள் உடம்பில் இத்தனை உறுப்புகள் இருப்பது அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

பதினொரு மாதம் ஒருவரும் இருமவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குச் சுட்ட முறுக்கைக் கடித்தேன். என் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது.

ஒரு வாரம் மறைத்தேன். சூப் குடித்தேன்.

"என்ன, முறுக்கு வேண்டாமோ?" என்றாள் ஷிரோமி.

"கொழுப்பு."

"ஒரு பக்கத்தாலை கதைக்கிறியள்."

"குளிர்."

"வாயைத் திறவுங்கோ!"

திறந்தேன். இழுத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போனாள். செலவைக் கேட்டதும் என் மற்றப் பற்களும் ஆடின. முதலில் கதிரையின் கால் போனது. பிறகு முதுகு போனது. கடைசியாகப் பொத்தானும் போனது.

ஷிரோமி கைப்பையிலிருந்து ஏதோ ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியில் தட்டிப் பார்த்தாள். "நீங்கள் ஒன்றும் தரத் தேவையில்லை, மெஸ்யூ."

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னப்பா அது?"

"என்ரை வேலையிடத்து மியூச்சுவெல். போன தையிலை வேலையை நிரந்தரமாக்கினவை எல்லே? குடும்பம் முழுக்கச் சேத்துத் தந்தவை. பாதியை முதலாளி கட்டுறார்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"கடிதம் தந்தனான். நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்."

வைத்திருப்பேன். பிரெஞ்சில் எது வந்தாலும் அவள் வாசிப்பாள், விரல் வைத்த இடத்தில் நான் ஒப்பமிடுவேன். அதுதான் எங்கள் வீட்டு நடைமுறை.

"அப்ப ஒரு வருசமா நான் வெங்காயம் உரிச்சது?"

"நல்லா உரிச்சனீங்கள்."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஒரு கதிரைக்காக மூன்று பேரின் பல்லையும் கண்ணையும் பந்தயம் வைத்திருந்தேன். அவளோ சத்தமில்லாமல் மூன்று பேருக்கும் குடை பிடித்திருக்கிறாள், அதுவும் பாதி முதலாளியின் காசில். இருபது வருடமாக விதவிதமான தொலைபேசிகள் விற்கிறேன். இப்படியொரு மூளை எதிலும் இல்லை.

திடீரென்று உறைத்தது. "அப்ப அந்தக் கணக்கிலை இருக்கிற காசு?"

"அப்பிடியே கிடக்கு. உங்கடை கதிரையை வாங்குங்கோ."

"கதிரையோ? உமக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். நித்திரையிலை. கதிரை சாயுதில்லை, சாயுதில்லை எண்டு கட்டில் சட்டத்தை அமத்துவியள்."

கதிரை வந்து மூன்று வாரமாகிறது. மிகவும் சுகமாக இருக்கிறதாம். ஷிரோமி சொன்னாள்.