சொட்டு அண்ணாச்சியின் கண்கள்

பந்தல்குடி சாலையில் ஓடும் லாரிகளையெல்லாம் சேர்த்தாலும், எங்கள் எடைமேடையில் வேலை பார்த்த சொட்டு அண்ணாச்சி கண்ணில் ஊற்றிய மருந்தைச் சுமந்திருக்க முடியாது.

அவர் லாரியை எடை போடுவார்; பக்கத்து மேசையில் நான் ரசீது எழுதுவேன். ஒவ்வொரு லாரியும் தூசியைக் கிளப்பிவிட்டுப் போகும். உடனே சட்டைப் பையிலிருந்து மருந்தை எடுத்து, அண்ணாந்து இரண்டு கண்ணிலும் சொட்டு விடுவார். கிருமிக்கொல்லி; மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கியது. என்னையும் பக்கத்தில் நிற்பவர்களையும் விடமாட்டார்.

“ஏலே, அண்ணாந்து பாரு. கண்ணுக்குள்ள ஒரு பூச்சி இருக்கக் கூடாது.”

ஓட்டுநர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் ரசீது வாங்க வருவார்கள்.

ஊற்ற ஊற்றக் கண் சிவந்தது. அந்தச் சமயத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கைக்கு இவர் ஒரே அண்ணன். அதற்குள் கண் வெளுக்கட்டும் என்று அருப்புக்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். கண்ணோரத்தைப் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். “கிருமி வளந்திருக்கு, டாக்டரப் பாருங்க” என்றாள் சோதனைக்கூடப் பெண். அண்ணாச்சி டாக்டரைப் பார்க்கவில்லை. நேரே எடைமேடைக்கு வந்து என் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார்.

“வேற மடியப் பாரு ஆத்தா. பிள்ளைக்கு ஒட்டிக்கிரும்.”

மறுநாள் தங்கையே வந்து நின்றாள். “உன் மடி இல்லேன்னா காதும் வேண்டாம், கம்மலும் வேண்டாம். எந்திரிண்ணே, டாக்டர்கிட்ட போவோம்.” நானும் கூடப் போனேன்.

டாக்டர் சோதனை முடிவைப் பார்த்துச் சிரித்தார். “இதெல்லாம் நல்லா இருக்கற கண்ணுலயே குடியிருக்கறது அண்ணாச்சி. என் கண்ணுல இருக்கு, உங்க தங்கச்சி கண்ணுலயும் இருக்கு. கெட்ட கிருமிய அண்ட விடாது. கண்ணு செவந்தது நீங்க ஊத்துன மருந்தால. நிப்பாட்டுங்க, சரியாயிரும்.”

“அப்ப பிள்ளையத் தூக்கலாமா?”

“தாராளமா.”

அண்ணாச்சி விட்ட பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தினார்.

“உள்ள ஆளுக குடியிருக்காக. தூசி பட்டா சங்கடப்படுவாக.”

“நேத்து வரைக்கும் அவுகளத்தான அடிச்சுத் தொரத்துன?” என்றாள் தங்கை.

திருச்சுழியில் காது குத்தியபோது அவர் கண் வெளுத்திருந்தது. மடியில் இருந்த பிள்ளை அழுதது. அதைவிட அதிகமாக அண்ணாச்சி அழுதார். வழக்கமாகச் சட்டைப் பைக்குப் போகும் கை, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் காரியாபட்டிப் பக்கம் வேறு எடைமேடையில் இருக்கிறார். லாரித் தூசி கண்ணில் விழும்போதெல்லாம், என்னை அறியாமல் அண்ணாந்து நிற்கிறேன்.